திரையும் சதுக்கமும்: வாயெல் கோனிம் கண்ட முகநூல்

2011ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 11ஆம் திகதி மாலை எகிப்தின் உப ஜனாதிபதி ஒமர் சுலைமான் தொலைக்காட்சியில் தோன்றி, ஹொஸ்னி முபாரக் பதவி துறந்துவிட்டார் என்ற செய்தியை அரை நிமிடத்தில் வாசித்து முடித்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுக்கால ஆட்சி அத்துடன் முடிந்தது. கெய்ரோ நகரின் தஹ்ரீர் சதுக்கத்தில் இலட்சக்கணக்கானோர் ஆரவாரித்துக்கொண்டிருந்த அன்று, முப்பது வயது நிரம்பிய பொறியியலாளர் ஒருவர் அமெரிக்கத் தொலைக்காட்சியொன்றுக்குப் பேட்டியளித்தார். ஒரு சமுதாயம் விடுதலை பெற வேண்டுமாயின் அதன் கையில் இணையத்தைக் கொடுத்தாற் போதும் என்பது அவர் கூற்று. அவர் பெயர் வாயெல் கோனிம். ஐந்து ஆண்டுகள் நிறைவதற்குள், 2015 டிசெம்பரில், ஜெனீவா நகரில் ஒரு மேடையில் நின்று அதே மனிதர், தாம் அன்று சொன்னது தவறு என்றார். சமுதாயத்தை விடுவிப்பதற்கு முன் இணையத்தையே விடுவிக்க வேண்டியிருக்கிறது என்று திருத்தியும் சொன்னார்.

இவ்விரண்டு கூற்றுக்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள். தனிமனிதர் ஒருவரைச் சரித்திரத்தின் கர்த்தாவாக்கிக் காட்டுவது நமது நோக்கமன்று. ஆயினும் ஒரு கருவியை நம்பி அதனோடு வாழ்ந்து, அதனால் உயர்ந்து, அதனாலேயே புண்பட்டு, அதன் குறையையும் தாமே எடுத்துரைத்த ஒருவரின் வாழ்க்கை, அக்கருவியின் இயல்பை அறிவதற்கு நல்லதொரு சான்றாகும். கோனிம் தாம் கண்ட குறைகளை மறைக்காதவர். அவர் கண்ட அளவில் நாம் நின்றுவிடலாமா என்பது வேறு கேள்வி.

கோனிம் 1980ஆம் ஆண்டின் இறுதியிற் பிறந்தவர். பிள்ளைப்பருவத்தைச் சவூதி அரேபியாவின் ஆபா நகரிற் கழித்துப் பின்னர் கெய்ரோவுக்கு வந்த நடுத்தர வர்க்கக் குடும்பத்துப் பிள்ளை. கெய்ரோப் பல்கலைக்கழகத்திற் கணினிப் பொறியியல் பயின்றார். மாணவராயிருக்கும்போதே, 1998இல், இஸ்லாமியச் சொற்பொழிவுகளைத் திரட்டித் தரும் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கினார். 2008இல் கூகிள் கம்பனியிற் சேர்ந்து, 2010இல் துபாயில் இருந்தவாறே மத்திய கிழக்கு, வட ஆபிரிக்கப் பகுதிகளுக்கான அதன் சந்தைப்படுத்தற் பகுதித் தலைவரானார். கட்சி அரசியலுக்கும் அவருக்கும் நெடுங்காலம் தொடர்பில்லை. பண்டத்தை வாங்குவோரின் மனத்தை அறிந்து விற்பது அவர் பயின்ற தொழில். இதனை நினைவில் வைத்திருப்பது நல்லது, பின்னர் வேண்டியிருக்கும்.

அவர் தலைமுறையினருக்கு இணையம் வெறும் பொழுதுபோக்கன்று. 1981இல் அன்வர் சதாத் கொல்லப்பட்ட நாள் முதல் எகிப்தில் அவசரகாலச் சட்டம் இடைவிடாது நடைமுறையில் இருந்தது. அனுமதியின்றிக் கூட்டம் கூடல் ஆகாது. பல்கலைக்கழக வளவுக்குள் அரசியல் பேசினால் உளவாளியின் செவிக்கு எட்டும். தொழிற்சங்கங்களோ அரசின் கைப்பிடிக்குள் இருந்தன. வாயைத் திறந்து பேசுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டாத ஒரே இடமாக இளைஞர்களுக்கு எஞ்சியிருந்தது கணினித் திரை. அங்கே புனைபெயருக்குள் ஒளிந்துகொள்ளவும் முடிந்தது. கோனிம் இணையத்தின்மேற் கொண்ட காதலைப் பிற்காலத்தில் எள்ளி நகையாடியவர்கள் இந்தச் சூழலை எண்ணிப்பார்க்கத் தவறினர் என்றே சொல்ல வேண்டும்.

2010 ஜூன் 6ஆம் திகதி அலெக்சாந்திரியா நகரில் காலித் சயீத் என்ற 28 வயது இளைஞரை இணைய நிலையமொன்றிலிருந்து இரு பொலிசார் இழுத்துச் சென்று அடித்தே கொன்றனர். கஞ்சாப் பொட்டலத்தை விழுங்கி மூச்சுத்திணறி இறந்தார் என்பது அதிகாரிகள் சொன்ன கதை. பிரேத அறையில் அவரது சகோதரர் கைத்தொலைபேசியால் எடுத்த படம் அந்தக் கதையை உடைத்தது. தாடை நொறுங்கி முகம் உருக்குலைந்திருந்த அந்தப் படத்தைத் துபாயிற் கண்ட கோனிம் அழுதார். சில நாள்களுக்குள் “நாம் அனைவரும் காலித் சயீத்” என்ற பொருள்படும் பெயரில் முகநூற் பக்கமொன்றைத் தொடங்கினார். தமது பெயரை அங்கு வெளியிடவில்லை. மூன்று நாள்களுள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதிற் சேர்ந்தனர் என்று அவரே பின்னர் தெரிவித்தார்.

அப்பக்கத்தின் மொழியைப் பற்றி இங்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அரபு உலகில் எழுத்து மொழியும் பேச்சு மொழியும் நெடுந்தூரம் விலகி நிற்பவை. பத்திரிகையும் பிரசங்கமும் அரசியல் அறிக்கையும் உயர்வழக்கில் அமைவன. வீட்டிலும் தெருவிலும் வழங்குவது எகிப்தியப் பேச்சு வழக்கு. கோனிம் அந்தப் பேச்சு வழக்கிலேயே எழுதினார். அதிலும் இறந்தவனே பேசுவதுபோல ‘நான்’ என்று எழுதினார். தியாகி என்றோ அரசியல்வாதி என்றோ தோன்றாமல், அயல்வீட்டுப் பையன் கதவைத் தட்டிப் பேசுவதுபோல அது இருந்தது. 1960களில் நம் எழுத்தாளர் பேச்சு வழக்கைக் கையாண்டபோது ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் முகஞ்சுளித்ததும், அதையொட்டி எழுந்த மரபுப் போராட்டமும் நம் வாசகருக்குப் புதியனவல்ல. மக்கள் மொழியின் வலிமை கெய்ரோவிலும் அவ்வாறே தன்னை நிறுவிக்கொண்டது. அதைச் செய்தவர் இலக்கியவாதி அல்லர், விற்பனைத் துறை வல்லுநர் என்பதுதான் வேடிக்கை. வாடிக்கையாளரிடம் எந்தக் குரலிற் பேச வேண்டும் என்பதைக் கற்ற அறிவு, அடக்கப்பட்டோரிடம் பேசுவதற்கும் உதவிற்று.

பக்கத்தில் உள்ளவர்களைத் தெருவுக்குக் கொண்டுவருவது எவ்வாறு? கூட்டமாய்க் கூடினாற் சட்டம் பாயும். உறுப்பினர் ஒருவர் கூறிய ஆலோசனையின்படி, கறுப்புடை அணிந்து கடற்கரை வீதியிற் கடலைப் பார்த்தவண்ணம், ஒருவருக்கொருவர் சில மீற்றர் இடைவெளி விட்டு மௌனமாய் நிற்பதென முடிவாயிற்று. கோஷம் இல்லை, கொடி இல்லை. சட்டப்படி அது கூட்டமே இல்லை. 2010 ஜூன் 18ஆம் திகதி அலெக்சாந்திரியாவில் இது முதன்முதலாக நிகழ்ந்தது. அடுத்து வந்த வாரங்களிலும் பல நகரங்களிற் தொடர்ந்தது. பக்கத்தின் உறுப்பினரிடம் வாக்கெடுப்பு நடத்தி அடுத்த காரியத்தைத் தீர்மானிப்பதும் வழக்கமாயிற்று. அன்றைய எகிப்தின் பாராளுமன்றத் தேர்தல்களிற் காணாத வாக்குரிமை அது.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில், 2010 நொவெம்பரில், பாராளுமன்றத் தேர்தலுக்குச் சில நாள்களே இருந்தபோது, அந்தப் பக்கம் திடீரென மறைந்தது. மறைத்தது முபாரக்கின் பொலிசு அன்று, பேஸ்புக் கம்பனி. பக்கத்தை நடத்துபவர் தம் சொந்தப் பெயரிற் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது கம்பனியின் விதி. கோனிமும் அவரோடு சேர்ந்து நடத்திய அப்துல்ரஹ்மான் மன்சூரும் புனைபெயருக்குள் இருந்தனர். சொந்தப் பெயரைச் சொன்னால் எகிப்தில் சித்திரவதைக் கூடம் காத்திருந்தது. கலிபோர்னியாவிலிருந்த அலுவலகத்தாருக்கோ அது ஒரு விதிமீறல் மாத்திரமே. முடிவில் அமெரிக்காவில் வாழ்ந்த எகிப்தியப் பெண்ணொருவர் தம் உண்மைப் பெயரை இரவலாகக் கொடுத்த பின்னரே பக்கம் மீண்டும் உயிர்பெற்றது.

வாரக்குடி ஒருவன் காடு வெட்டிக் கழனியாக்கி, நெல் விளையும் தருணத்தில், காணிக்காரன் படலையைச் சாத்தினால் எப்படியிருக்கும்? நிகழ்ந்தது அதுவே. உழைப்பும் கண்ணீரும் எகிப்தியருடையவை, நிலம் இன்னொருவருடையது. கோனிம் அன்று இதனை ஓர் இடையூறாக மட்டுமே கண்டார்; வழிகண்டு சமாளித்து மேலே சென்றார். கூகிள் கம்பனியில் உயர் பதவி வகித்த ஒருவர் அவ்வாறு கண்டதில் வியப்பில்லை. ஆனால் இக்கதை முழுவதிலும் மிகுந்த கவனத்துக்குரிய நிகழ்ச்சி, தஹ்ரீர் சதுக்கத்து ஆரவாரத்தைக் காட்டிலும், இதுதான் என்பது என் எண்ணம்.

கோனிம் பக்கம் தொடங்குவதற்கு முன்னரும் எகிப்தில் மக்கள் எழுந்தனர். நைல் கழிமுகத்து மஹல்லா அல்-குப்ரா நகரின் அரச நெசவாலையில், 2006 டிசெம்பரில், வாக்களிக்கப்பட்ட போனஸ் பணம் தரப்படாமையால் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். முதலில் இயந்திரங்களை நிறுத்தி வெளியே வந்து, தயங்கிய ஆண்களை இடித்துரைத்தவர்கள் தையற்பகுதிப் பெண்கள். வேலைநிறுத்தம் வென்றது. அந்தத் தீ ஆலைக்கு ஆலை பரவியது. 2008 ஏப்ரல் 6ஆம் திகதி அதே ஆலையில் இன்னொரு வேலைநிறுத்தத்துக்கு நாள் குறிக்கப்பட்டபோது, அதற்கு ஆதரவாகக் கெய்ரோ இளைஞர் முகநூலில் ஒரு குழுவைத் தொடங்கினர்; எழுபதினாயிரம் பேர் சேர்ந்தனர். பொலிசார் ஆலையைக் கைப்பற்றி வேலைநிறுத்தத்தைத் தடுத்தபோது மஹல்லாத் தெருக்களில் மக்கள் கொதித்தெழுந்து முபாரக்கின் படத்தைக் கிழித்து மிதித்தனர், உயிர்களும் பலியாயின. ஏப்ரல் 6 இளைஞர் இயக்கம் என்ற பெயர் அந்த நாளிலிருந்து வந்தது. எகிப்தில் முகநூல் அரசியலின் தொட்டில் ஒரு நெசவாலை என்பதைப் பின்னர் எழுதியவர் பலர் மறந்தனர்.

2011 ஜனவரி 14ஆம் திகதி தூனிசியாவின் சர்வாதிகாரி பென் அலி நாட்டைவிட்டோடினார். கோனிமின் பக்கத்தில் ஜனவரி 25ஆம் திகதிக்கு அழைப்பு வெளியாயிற்று. அது எகிப்தின் பொலிசு தினம். 1952இல் இஸ்மாயிலியா நகரிற் பிரித்தானியப் படையை எதிர்த்து மடிந்த பொலிசாரின் நினைவுநாள். அன்று ஏகாதிபத்தியத்தை எதிர்த்து மாண்ட பொலிசாரின் வாரிசுகள் இன்று குடிமக்களை அடித்துக் கொல்கிறார்கள் என்ற முரண் எல்லோருக்கும் புரிந்தது. சில நாள்களுள் அழைப்பைப் பத்து இலட்சம் பேர் கண்டனர். ஒரு இலட்சம் பேர் வருவதாக உறுதி கூறினர். அக்காலத்தில் எட்டுக் கோடி மக்கள் வாழ்ந்த எகிப்தில் முகநூல் பாவித்தோர் ஏறக்குறைய ஐம்பது இலட்சம் பேர் மாத்திரமே.

கோனிம் துபாயிலிருந்து கெய்ரோவுக்கு வந்தார். ஜனவரி 27ஆம் திகதி இரவு தெருவில் வைத்து இரகசியப் பொலிசார் அவரைப் பிடித்தனர். பதினொரு நாள்கள் கண்கள் கட்டப்பட்டு அடைக்கப்பட்டிருந்தார். அதே இரவு அரசாங்கம் நாடெங்கும் இணையத்தைத் துண்டித்தது. கைத்தொலைபேசிச் சேவையும் நின்றது. கம்பனிகள் அரசின் கட்டளைக்குப் பணிந்தன. வொடபோன் கம்பனியின் வலையூடாக அரசாங்கத்தின் பிரசாரச் செய்திகள் அனுப்பப்பட்டன. மறுநாள் வெள்ளிக்கிழமை. திரை இருண்டதும் மக்கள் வீட்டுக்குள் முடங்கியிருந்தார்களா? தொழுகை முடிந்து பள்ளிவாசல்களிலிருந்தும், சேரிகளின் ஒழுங்கைகளிலிருந்தும், முகநூலைக் கண்ணாலும் கண்டிராதவர்கள் திரண்டு வந்தனர். என்ன நடக்கிறது என்பதை அறிய வேறு வழியில்லாமையால் தெருவில் இறங்கிப் பார்த்தவர்களும் பலர். அன்று மாலைக்குள் பொலிசு தோற்று ஓடிற்று. இராணுவம் தெருவுக்கு வந்தது. இணையம் பெப்ரவரி 2ஆம் திகதிதான் திரும்பிற்று.

ஆக, புரட்சி உச்சநிலையை எய்திய நாள்களில் அதன் கருவி என்று போற்றப்பட்ட இணையமும் இருக்கவில்லை. அதன் நாயகன் என்று போற்றப்பட்டவரும் எங்கோ ஓர் அறையிற் கண்கட்டப்பட்டிருந்தார். முதல் அழைப்பை முகநூல் எடுத்துச் சென்றது உண்மை. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. அதற்கு மேற்பட்டவற்றை மக்கள் தம் காலாலும் கையாலும் செய்தனர். பெப்ரவரி 7ஆம் திகதி விடுதலையான கோனிம் அன்றிரவே தனியார் தொலைக்காட்சியொன்றில் தோன்றினார். இறந்த இளைஞரின் படங்களைக் காட்டியபோது தேம்பியழுது, பேட்டியின் நடுவே எழுந்து சென்றார். அதனைக் கண்டு மறுநாள் சதுக்கத்துக்கு வந்தோர் எண்ணற்றோர். அக்கண்ணீரை வீடுதோறும் கொண்டுசென்றது பழைய தொலைக்காட்சிப் பெட்டி. அதே 8ஆம் திகதி சுயெஸ் கால்வாயைச் சார்ந்த கம்பனிகளின் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மஹல்லா நெசவாளரும் கெய்ரோவின் பஸ் தொழிலாளரும் பின்தொடர்ந்தனர். மூன்று நாள்களில் முபாரக் விலகினார். பதினெட்டு நாள்களில் குறைந்தது 846 பேர் உயிரிழந்தனர் என்று விசாரணைக் குழு பின்னர் அறிவித்தது.

இத்தனைக்கும் மேற்கு நாட்டுப் பத்திரிகைகள் இட்ட பெயர் ‘முகநூற் புரட்சி’. டைம் சஞ்சிகை 2011இல் உலகிற் செல்வாக்கு மிக்கோர் வரிசையிற் கோனிமின் பெயரைச் சேர்த்தது. அவர் தம்மை நாயகன் என்று கூறிக்கொள்ளவில்லை. கட்டுரையாளர் இன்னாரென்று அறியப்படாத விக்கிப்பீடியாவைப் போன்றது எங்கள் புரட்சி என்றார். பணிவான சொல்தான். ஆனால் அந்தச் சொல்லிலும் உவமையாக வந்தது ஓர் இணையத்தளமே. தையற்பகுதிப் பெண்கள் எவருக்கும் உவமையாகவில்லை. இவ்வாறு பெயரிட்டதனால் நன்மை பெற்றவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். 2012 மே மாதம் பேஸ்புக் கம்பனி பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் பெறுமதி 10,400 கோடி டொலர் எனக் கணிக்கப்பட்டது. முந்திய ஆண்டின் வருமானத்தில் நூற்றுக்கு 85 பங்கு விளம்பரத்தால் வந்தது. விடுதலையின் கருவி என்ற புகழ் வர்த்தகத்துக்குக் கெடுதல் செய்யவில்லை.

முபாரக் போன பின் எஞ்சிய கேள்வி அதிகாரம் யாருக்கு என்பது. அதற்கு விடைகூறத்தக்க கட்டுக்கோப்பு நாட்டில் இரு சாராரிடமே இருந்தது: ஒன்று இராணுவம், மற்றது 1928இல் ஹசன் அல்-பன்னா தொடங்கி, கிராமந்தோறும் வேர்விட்ட முஸ்லிம் சகோதரத்துவ இயக்கம். சதுக்கத்து இளைஞரிடம் இலட்சக்கணக்கான ‘விருப்பங்கள்’ இருந்தன. கிளைச் சங்கங்கள் இருக்கவில்லை. 2011 மார்ச்சில் நடந்த அரசியலமைப்பு வாக்கெடுப்பில் இராணுவமும் சகோதரத்துவமும் விரும்பிய திருத்தங்கள் நூற்றுக்கு 77 வாக்கால் நிறைவேறின. 2012 ஜனாதிபதித் தேர்தலின் முதற்சுற்றிற் சதுக்கத்தின் வாக்குகள் சிதறின. ஹம்தீன் சபாஹி ஐந்திலொரு பங்குக்கு மேல் வாக்குப் பெற்றும் மூன்றாமவரானார். இறுதிச் சுற்றில் நின்றவர்கள் சகோதரத்துவத்தின் மொஹமட் மொர்சியும் முபாரக்கின் கடைசிப் பிரதமர்களில் ஒருவரான அஹ்மத் ஷபீக்கும். கோனிம் பழைய ஆட்சி திரும்பக்கூடாதென்று மொர்சியின் பக்கம் நின்றார்; அடுத்த ஆண்டு ஜூனில் அதே மொர்சியைப் பதவி விலகுமாறு கோரினார். தடுமாற்றம் என்று சிலர் பழித்தனர். இரண்டே கதவுள்ள வீட்டில் அகப்பட்டவன் மாறிமாறித் தட்டாமல் என்ன செய்வான்?

இக்காலத்தில் முகநூலின் முகமும் மாறிற்று. முன்பு காலித் சயீதின் பெயரால் ஒன்றாய் நின்றவர்கள் இப்போது மதவாதி, மதவிரோதி, துரோகி, ஒற்றன் என ஒருவரையொருவர் வைதனர். வதந்தி பரவிய வேகத்தில் மறுப்பு பரவவில்லை. கோனிமே பொய்களுக்கும் வசைகளுக்கும் இலக்கானார். முபாரக்குக்கு எதிராய் ஆள்சேர்த்த அதே விசை, எந்தக் கோபத்துக்கும் ஆள்சேர்த்தது. 2013 ஜூலை 3ஆம் திகதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிற்று. ஓகஸ்ட் 14ஆம் திகதி ராபா சதுக்கத்தில் மொர்சியின் ஆதரவாளர்மீது நடந்த தாக்குதலிற் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் பதிவு செய்தது. அதையும் ஆரவாரித்து வரவேற்ற குரல்கள் திரையில் நிறைந்திருந்தன. கோனிம் நாட்டை விட்டகன்றார். காலித் சயீதின் பக்கம் ஓய்ந்தது. இரண்டாண்டுகளுக்கு மேல் அவர் பொதுவில் வாய் திறக்கவில்லை.

அம்மௌனத்தின் முடிவில் வந்ததுதான் ஜெனீவா உரை. சமூக ஊடகங்களின் ஐந்து நோய்களை அவர் அங்கே எடுத்துரைத்தார். வதந்தியைக் கையாள அவை அறியா. ஒத்த கருத்தினரோடு மட்டும் நம்மைப் பேச வைக்கின்றன. விவாதம் நொடியில் வெறிக்கூட்டமாகிறது. அவசரத்திற் சொன்னதை நிலைமை மாறியபின்னும் மாற்றிக்கொள்ள விடுவதில்லை. உரையாடுவதற்கன்றி உரத்துக் கூவுவதற்கென்றே அவை சமைக்கப்பட்டிருக்கின்றன. அனுபவித்தவன் வாய்ச்சொல் ஆதலின் இவற்றில் ஒன்றுகூட மிகையன்று. அவர் சொல்லோடு நிற்கவுமில்லை. அமைதியான, அறிவுபூர்வமான விவாதத்துக்கென ‘பார்லியோ’ என்னும் தளத்தை 2015இல் நண்பர்களோடு தொடங்கினார். மறு ஆண்டே அதனைக் குவோரா என்ற பெரிய கம்பனி வாங்கிக்கொண்டது.

இவ்விடத்திலேயே நாம் கோனிமுடன் வேறுபடுகின்றோம். நோயின் குறிகளை அவர் சரியாய்க் கண்டார். அது இயந்திரத்தின் அமைப்பிலுள்ள பிழை என்றும், நல்ல பொறியியலாளர் கூடினாற் திருத்திவிடலாம் என்றும் கருதினார். ஆனால் கோபம் விரைந்து பரவுவது தற்செயலான பிழையா? மனிதரின் கண்ணைத் திரையில் எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கலாம் என்பதே விளம்பர வருமானத்தின் அளவுகோல். கோபங்கொண்டவன் நெடுநேரம் நிற்கின்றான். 2021இல் பிரான்சிஸ் ஹௌகன் என்ற முன்னாள் ஊழியர் வெளிப்படுத்திய கம்பனியின் உள்ளக ஆவணங்கள், 2018இற் செய்த மாற்றமொன்று சினத்தையும் பிளவையும் வளர்ப்பதைக் கம்பனியின் ஆய்வாளர்களே எடுத்துக்காட்டியிருந்தனர் என்பதை உலகுக்குக் காட்டின. அறியாமையால் நேர்ந்த தவறாயின் அறிந்தவுடன் நின்றிருக்க வேண்டும். 2010 நொவெம்பரிற் படலை சாத்தப்பட்ட இரவில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி, இந்நிலம் யாருடையது என்பது, ஜெனீவாவிலும் எழவில்லை.

மற்றொன்றும் உண்டு. பழுதற்ற இயந்திரம் கிடைத்திருந்தாலும் அது ஒரு தொழிற்சங்கத்தின் வேலையைச் செய்திருக்குமா? மஹல்லாத் தொழிலாளருக்கு ஒருவரையொருவர் தெரியும். யார் பயந்தவர், யார் நிற்பவர் என்பதை ஒரே கூடத்தில் ஆண்டுக்கணக்கில் வேலைசெய்து அறிந்திருந்தனர். தோற்றபோதும் மறுநாள் அதே ஆலைக்கே திரும்பினர். அங்கே மீண்டும் தொடங்க முடிந்தது. 2011 ஜனவரி 30ஆம் திகதி தஹ்ரீர் சதுக்கத்தில் வைத்துச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனம் அறிவிக்கப்பட்டது. இணையம் இல்லாத நாளில்! அந்த அமைப்பு வளர்வதற்கு வேண்டிய ஆண்டுகள் அதற்குக் கிடைக்கவில்லை என்பது எகிப்தின் துயரம். ஆளைக் கூட்டுவது ஒரு நாளில் முடியும். ஆளைக் கட்டுவதற்கு ஆண்டுகள் வேண்டும். முன்னதைச் செய்யும் கருவி பின்னதையும் செய்துவிடும் என்று நம்பியதே அத்தலைமுறையின் பிழை. அது கோனிமின் தனிப்பிழை அன்று.

நம் நாட்டிலும் இக்கதையின் இரு பக்கங்களையும் கண்டோம். 2018 மார்ச்சிற் கண்டி மாவட்டத்தின் திகனையிலும் சுற்றூர்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, வெறுப்பைச் சுமந்து சென்றது முகநூல். தன் பங்குக்காகக் கம்பனி 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. 2022இல் காலிமுகத்திடலுக்கு மக்களை அழைத்துச் சென்றதும் அதே முகநூல்தான். அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் திகதி அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது மக்கள் தெருவுக்கு வந்தனர். ஒரு நாள் முடியுமுன்னரே தடை நீங்கிற்று. ஜூலையில் ஒரு ஜனாதிபதி நாட்டைவிட்டோடினார். அதே மாதம் 22ஆம் திகதி விடியுமுன் படையினர் திடலிலிருந்த கூடாரங்களைப் பிடுங்கியெறிந்தனர்.

கோனிம் மீண்டும் ஒருமுறை முகநூலுக்கு வந்தார். 2019 செப்டெம்பரில், அமெரிக்காவில் இருந்தபடி, தலைமயிரையும் புருவத்தையும் மழித்த கோலத்திற் கலங்கிய குரலிற் பேசும் ஒளிப்பதிவுகளை வெளியிட்டார். முன்னர் அவரைப் போற்றியவர் பலர் அதைக் கண்டு நகைத்தனர். அந்நாள்களிற் கெய்ரோவில் அவர் சகோதரர் கைது செய்யப்பட்டார். பெயரை மறைத்து மற்றொருவன் குரலிற் பேசித் தொடங்கியவர், தம் முகத்தையே திரையில் வைத்துத் தம் துயரத்தைப் பேசும் நிலைக்கு வந்து சேர்ந்தார். இதில் நகைப்பதற்கு எதுவுமில்லை. பெரும் நிகழ்ச்சியொன்றின் பாரத்தை ஒரு தனிமனிதர்மேல் ஏற்றிவைத்தவர்கள் பிறர்; சுமந்தவர் அவர்.

காலித் சயீதின் வழக்கு நெடுங்காலம் இழுபட்டது. இரு பொலிசாருக்கும் 2011இல் ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டு, மறுவிசாரணை நடந்து, 2014 மார்ச்சில் அது பத்தாண்டாயிற்று. அந்த மறுவிசாரணை நடந்துகொண்டிருந்த 2013 டிசெம்பரில், அலெக்சாந்திரியா நீதிமன்றத்தின் வெளியே நீதி கேட்டுச் சிலர் கூடி நின்றனர். அவர்களுள் ஒருவர் தொழிலாளர் வழக்குகளிலும் கைதிகளின் வழக்குகளிலும் முன்னின்ற இளம் வழக்கறிஞர் மஹீனூர் அல்-மஸ்ரி. அனுமதியின்றி ஆர்ப்பாட்டஞ் செய்தார் என்ற குற்றத்துக்கு அவருக்கு விதிக்கப்பட்ட இரண்டாண்டுச் சிறையையும் ஐம்பதினாயிரம் பவுண் அபராதத்தையும் 2014 மே மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. பின்னர் தண்டனை ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. சிறையிலிருந்து வந்தபின் அவர் மீண்டும் அதே நீதிமன்றங்களுக்குத் தொழிலாளரின் கோவைகளோடு செல்லத் தொடங்கினார்.